பதினாறாம் தெருவும் என் பல்செட்டும்

செவ்வாய்க்கிழமை, பகல் ஷிஃப்ட் முடிந்த பிறகு

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

மேசை ரெண்டு எழுதிக்கொள்வது. பதினொரு வருடமாக ஆம்புலன்ஸ் ஒயர்லெஸ்ஸில் உங்களை ‘வண்டி ஒன்பது’ என்றே கூப்பிட்டுப் பழகியவளுக்கு, காகிதத்தில் அண்ணா என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்களும் அண்ணியும் அந்தப் புது ஊரில் நல்லபடியாகக் காலூன்றியிருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் எல்லோருடைய நினைப்பும்.

உங்கள் அஞ்சலட்டை வந்தது. ஸ்டோர் ரூமில் டயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதாகவும், இரண்டும் வாயில்லாப் பூச்சிகள் என்பதால் உங்கள் மந்தக் காதுக்கு ஏற்ற வேலை என்றும் எழுதியிருந்தீர்கள். அண்ணி திட்டுவதில் பாதிதான் காதில் விழுகிறதாம், அது ஒரு பாக்கியமாம். கட்டுப்பாட்டு அறையில் அதை உரக்கப் படித்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

வண்டி ஒன்பதுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர், ஆனால் பிரேக்கின் மேல் என்ன கோபமோ தெரியவில்லை. பின்னால் உட்காரும் நர்ஸ், நோயாளியைப் பிடித்துக்கொள்வதா தன்னைப் பிடித்துக்கொள்வதா என்று கேட்கிறார். நீங்கள் ஓட்டினால் தண்ணீர் டம்ளர்கூட அலுங்காது என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் போய் ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஒரே ஒரு நாள், ஒரு நெஞ்சு வலிக்காரரை ஏற்றப் பதினாறாம் தெருவுக்குப் போக வேண்டிய வண்டி பதினேழாம் தெருவுக்குப் போனது. நடுவில் ரயில் கேட் சாத்தியிருந்ததால் ஒன்பது நிமிடம் போயிற்று. அதற்காக இருபத்திரண்டு வருடம் ஓட்டியவரின் கையிலிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். விசாரணையில் என்னைக் காட்டி நீங்கள் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. “அவங்க தப்பா சொல்ற ஆள் இல்லைங்க. எனக்குத்தான் வயசாச்சு. காது சரியில்லை.” நீங்களே ஒப்புக்கொண்டதால் பேச்சுப் பதிவை யாரும் போட்டுக் கேட்கவில்லை. பதிவுகள் எல்லாம் நூற்று எண்பது நாள்தான் இருக்குமாம், பிறகு மெஷின் தானாகவே அழித்துவிடுமாம். உங்களுக்குத் தெரியுமா? எனக்கு இப்போதுதான் தெரியும்.

அது போகட்டும். என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கீழ்த்தாடையில் முன்பக்கம் ஆறு பல்தான் சொந்தம். கடைவாய் இரண்டு பக்கமும் காலி. நான்கு வருடமாகக் கழற்றி மாட்டும் பல்செட் போட்டிருக்கிறேன். யாருக்கும் சொன்னதில்லை. அது முன்னால் இருக்கும் பல்லைக் கம்பியால் பிடித்துக்கொள்கிறது, பின்னால் பிடிப்பதற்கு எதுவும் இல்லாமல் ஈறின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஈறும் எலும்பும் வருடா வருடம் கரைகின்றன. இப்போது வாயைக் கொஞ்சம் அகலமாகத் திறந்தாலே பின்பக்கம் மேலே எழும்புகிறது. சாப்பிடும்போது நாக்கால் அமுக்கிக்கொண்டே மெல்லுகிறேன். அதனால் பல் டாக்டரிடம் போனேன். சாப்பிட முடியவில்லை என்று சொன்னேன்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரர்தான், ஆனால் அவசரமே படாதவர். ஒரு பொம்மைத் தாடையைக் கையில் வைத்துக்கொண்டு, “உங்க பல்செட்டு ஒரு பக்கம் மட்டும் கால் இருக்கற பெஞ்சு மாதிரி. பின்னாடி ஒரு கால் குடுத்துட்டா ஆடாது” என்றார். பின்னால் எலும்பில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்க்ரூ இறக்குவார்களாம். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள நாலு மாதம். பிறகு அதன் தலையில் ஒரு பொத்தான். பல்செட்டின் அடியில் அதற்கு ஜோடி. பிரஸ் பட்டன் மாதிரி டக்கென்று உட்கார்ந்துகொள்ளும், வேண்டும்போது கழற்றிக் கழுவலாம். கழற்றவே வேண்டாத பல்லாகக் கட்டிவிட முடியாதா என்று கேட்டேன். அதற்கு இன்னும் நிறைய ஸ்க்ரூ வேண்டும், அத்தனையைத் தாங்கும் எலும்பு என்னிடம் இல்லை என்றார்.

எலும்பு இல்லை என்றால் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஸ்கேன் படத்தில் ஒரு கறுப்புக் கோடு காட்டினார். தாடைக்குள்ளே ஓடும் நரம்பு. உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி கொடுப்பது அதுதான். ஸ்க்ரூவின் நுனிக்கும் அதற்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் விட்டு நிறுத்துவேன், பயப்படாதீங்க என்றார்.

என் வீட்டுக்காரர் தரைக்கு டைல்ஸ் ஓடு பதிக்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு ஓட்டுக்கு நடுவில் இடைவெளிக்காக வைக்கும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “இவ்ளோ இடம் இருக்கு, எதுக்கு பயம்? சுவத்துல துளை போட்டு பிளக் வெச்சு ஸ்க்ரூ முடுக்கற வேலைதானே?” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். சுவருக்கு வலிக்காது, சுவர் ஒயர்லெஸ்ஸில் பேச வேண்டியதும் இல்லை என்றேன். அந்தத் துண்டை நகத்தால் தடவிப் பார்த்தேன். அவ்வளவுதான் அண்ணா, தீக்குச்சியின் கனம்தான். அந்த இடைவெளியில் என் உதடு இருக்கிறது, வேலை இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை நாள் குறித்திருக்கிறது. உங்களுக்கு எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதினால் பயம் கொஞ்சம் குறைகிறது. அண்ணியிடம் சொல்லி எனக்காக ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் நல்ல உடம்புக்கும் நல்ல காதுக்கும் வேண்டிக்கொண்டு,
மேசை ரெண்டு

*

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பதில் வந்த அன்று என்னால் அதைப் படித்துச் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாத உதடு. பொறுமையாகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை போனேன். வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் கூட வந்தார். நாற்காலியில் சாய்த்து, முகத்தின் மேல் ஓட்டை போட்ட பச்சைத் துணியைப் போட்டார்கள். மரத்துப்போக ஊசி. டாக்டரம்மா ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லித்தான் செய்தார். “இப்ப சத்தம் வரும். வலி இருக்காது, அழுத்தம் இருக்கும்.” அழுத்தம் என்று அவர் சொன்னது, மண்டைக்குள் யாரோ கதவைத் தள்ளுவது மாதிரி. தாடை எலும்பு நேரே காதோடு பேசுகிறது அண்ணா. அந்த ட்ரில் சத்தம் வெளியிலிருந்து வரவில்லை. எனக்குள்ளிருந்து வந்தது. பச்சைத் துணிக்கு அடியில் நான் மனதுக்குள் தெருப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் தெரு, இரண்டாம் தெரு. பதினைந்துக்கு மேல் போக முடியவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

வலது பக்கம் சுலபமாக முடிந்தது. இடது பக்கம் இறக்கும்போது அவர் கொஞ்சம் நிறுத்தினார். உதவிக்கு நின்ற பெண்ணிடம் ஏதோ அளவு கேட்டார். அந்த நிறுத்தம் பத்து விநாடிகூட இருக்காது. நீங்கள் சைரன் போட்டுக்கொண்டு போகும்போது முன்னால் லாரி நகராமல் நிற்குமே, அப்போது ஒயர்லெஸ்ஸில் ஒரு மௌனம் வருமே, அது மாதிரி பத்து விநாடி. பிறகு “சரி, முடிஞ்சுது” என்றார். இரண்டையும் ஈறுக்குள் மூடித் தைத்து அனுப்பினார்.

மரப்பு மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும் என்றார்கள். வலது பக்கம் விட்டது. இடது பக்கம் விடவில்லை. சாயங்காலம் தண்ணீர் குடித்தேன், அது முகவாயில் வழிந்து புடவையில் சொட்டியது எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர்தான் துடைத்துவிட்டார். கண்ணை மூடச் சொல்லி, பல் குத்தும் குச்சியால் உதட்டைத் தொட்டுத் தொட்டு “இப்ப? இப்ப?” என்று கேட்டார். நான் “தொடுங்க” என்றேன். கண்ணைத் திறந்தபோது குச்சி என் உதட்டின் மேலேயே இருந்தது.

மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே போய் நின்றோம். மறுபடி ஸ்கேன். இடது ஸ்க்ரூ நரம்பைத் தொடவில்லை, ஆனால் கணக்குப் போட்டதைவிட அருகில் நிற்கிறது என்றார். சுற்றிலும் வீக்கம், அது நரம்பை அமுக்குகிறது. கழற்றி எறிந்துவிடுங்கள் என்று நான் சைகையில் காட்டினேன். “முழுசா எடுக்க வேண்டாம். ஒரு சுத்து பின்னால திருப்பி மேல வரவைக்கறேன். நரம்பு கோவிச்சுக்கிட்டிருக்கு, வெட்டுப்படலை. சமாதானமாக நாளாகும்” என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். “வாரக்கணக்கா இருக்கலாம், மாசக்கணக்கா இருக்கலாம். சில பேருக்கு ஒரு சின்ன இடம் அப்படியே நின்னுடும்” என்றார். ஸ்கேனில் கணக்குப் போட்டதில் தன் தவறும் உண்டு என்று அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்து, சாதாரணக் குரலில், அப்படியே சொன்னார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மூன்று வாரமாக லீவு. பல்செட்டும் போடக் கூடாது. தினமும் கண்ணாடி முன்னால் நின்று தெருப் பெயர்களைச் சொல்லிப் பழகுகிறேன். ‘ப’வும் ‘ம’வும் உதடு இருப்பவர்களுக்கு உரிய எழுத்துகள் அண்ணா. நேற்று சாப்பிடும்போது உதட்டைக் கடித்துவிட்டேன், தட்டில் சிவப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் என் முன்னால் தைரியமாக இருக்கிறார். பிறகு மொட்டைமாடியில் போய் நின்றுகொள்கிறார்.

நேற்றிலிருந்து ஒரு சின்ன மாற்றம். முகவாயில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அது நல்லது, நரம்பு முழித்துக்கொள்கிறது என்றார். எறும்பு ஊர்ந்ததற்குச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு செய்தி கேள்விப்பட்டேன். பதினாறாம் தெரு மனிதர் பிழைத்துவிட்டார். இதயத்தில் ஒரு பகுதி செயலிழந்துவிட்டதாம், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். அந்த ஒன்பது நிமிடத்தால்தானா என்று நர்ஸைக் கேட்டேன். “யாராலயும் சொல்ல முடியாது” என்றார். ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பேன், இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன்.

அண்ணா, இந்தக் கடிதத்தோடு இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. கிழித்துவிட்டேன். எழுதத் தைரியம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காதை நீங்கள் குறை சொல்லி எழுதாதீர்கள், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். எனக்காக அதை மட்டும் செய்யுங்கள்.

உங்கள் தங்கை,
மேசை ரெண்டு

*

நாலு மாதத்துக்குப் பிறகு, வியாழக்கிழமை

என் அண்ணனுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் உடம்பு இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உதடு திரும்பி வந்துவிட்டது. முகவாயில் ஒரு சட்டைப் பொத்தான் அகலத்துக்கு மட்டும் மரத்த இடம் நின்றுவிட்டது. அது அங்கேயே இருக்கட்டும்.

போன வாரத்துக்கு முந்தின வாரம் ஈறைத் திறந்து, ஸ்க்ரூவின் தலையில் பொத்தான்களை மாட்டி, புதுப் பல்செட்டை வைத்தார் டாக்டரம்மா. கட்டைவிரலால் அழுத்தியதும் இரண்டு பக்கமும் டக், டக் என்று உட்கார்ந்தது. “வாய நல்லா திறந்து ‘ஆ’ன்னு சொல்லுங்க” என்றார். சொன்னேன். எழும்பவில்லை. “இன்னும் நல்லா.” நான்கு வருடத்துக்குப் பிறகு முழு வாயையும் திறந்து ‘ஆ’ என்று சொன்னேன். பிறகு நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்தார்.

இப்போது அந்தக் கிழித்த இரண்டு பக்கத்தை எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் சொன்னது பதினாறாம் தெரு. சொல்ல நினைத்தது, என்று எழுத வேண்டும். ‘னா’ என்று வாயைத் திறந்தால் பல்செட் எழும்பும். அதனால் சில மாதங்களாகவே நான் வாயைப் பாதி மூடிக்கொண்டு பேசப் பழகியிருந்தேன். ‘ஆ’ எல்லாம் ‘ஏ’ மாதிரி ஒலிக்கும். எனக்கே அது தெரியும். அன்று சொல்லின் நடுவில் பல்செட் கழன்று நாக்கின் மேல் வந்து விழுந்தது. வாயிலிருந்து வந்தது பதினாறும் இல்லை, பதினேழும் இல்லை. அதை ஒரு தெருவாகக் கேட்க வேண்டும் என்றால் யாரும் பதினேழு என்றுதான் கேட்பார்கள்.

வேலை நேரத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசியிருக்கலாம். காற்று கொஞ்சம் வெளியே போகும், அவ்வளவுதான், தெரு மாறாது. ஆனால் கழற்றினால் கன்னம் ஒட்டிப்போகும். மேசை ஒன்றும் மேசை மூன்றும் என்னைவிடச் சின்னப் பெண்கள். கிழவி என்று நினைப்பார்களே என்ற வெட்கம். இதுதான் அண்ணா முழுக் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எழுதுவதற்குச் சுலபமாக இருக்கும்.

விசாரணை அன்று நீங்கள் ‘என் காதுதான் சரியில்லை’ என்று சொன்னபோது நான் பேசியிருக்க வேண்டும். முதலில் பயம். பிறகு அந்த நூற்று எண்பது நாள் கணக்குத் தெரிந்தது. பல் வேலை முடியவும் பதிவு அழியவும் கிட்டத்தட்ட ஒரே சமயமாக இருந்தது. புதுப் பல்லோடு, தெளிவான பேச்சோடு, எந்தத் தடயமும் இல்லாமல் உட்கார்ந்துவிடலாம். காலண்டரில் நான் நாளை அடித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரர் பல்லுக்காக எண்ணுகிறேன் என்று நினைத்தார்.

நூற்று அறுபத்தொன்பதாம் நாள், புதுப் பல்செட்டோடு இரண்டாவது ஷிஃப்ட். பகல் பதினொன்றே முக்கால். ஒரு பெண் குரல். “பதினாறாம் தெரு, நாலாம் நம்பர், மாடி வீடு. எங்க வீட்டுக்காரருக்கு மறுபடியும் நெஞ்சு வலி.” நான் விலாசத்தைத் திரும்பச் சொன்னேன். அந்த அம்மா சொன்னார்கள், “போன தடவை மாதிரி லேட் பண்ணிடாதீங்கம்மா. உங்க கால்ல வேணா விழறேன்.”

மைக்கை எடுத்தேன். பதினாறாம் தெரு என்று சொன்னேன். ஒன்று, ஆறு என்றேன். ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம் என்றேன். மறுபடி பதினாறு என்றேன். புது டிரைவர், “மேடம், ஒரு தடவை சொன்னாலே போதும். கிளியரா கேக்குது” என்றார். ஆறு நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் எனக்கு அந்தக் ‘கிளியரா கேக்குது’ என்ற சொல் காதை விட்டுப் போகவில்லை. என் வாய் சரியாக இருந்தால் யார் காதும் சரியாகத்தான் இருக்கிறது.

ஷிஃப்ட் முடியும் முன்பே சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ட்ரில் சத்தமே தேவலை என்று தோன்றியது. உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். “இன்னும் பதினோரு நாள்ல தானா அழியப் போறது. அவரும் ஒத்துக்கிட்டாரு. கிணறு வெட்டி பூதத்தை ஏன் நீங்களே கூப்பிடறீங்க? வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க” என்றார். வீட்டுக்குப் போனால் திரும்பி வர மாட்டேன் என்றேன்.

பதிவைப் போட்டார். ஆளுக்கு ஒரு ஹெட்போன். முதலில் என் குரல். என் குரலா அது? வாயில் துணி வைத்துப் பேசுவது மாதிரி. பிறகு வந்தது நான் எதிர்பார்க்காதது அண்ணா. உங்கள் குரல்.

“பதினேழாம் தெருதானே? ஒன்னு ஏழு?”

எனக்கு அது நினைவே இல்லை. சத்தியமாக இல்லை. அந்த நேரம் நான் மைக்குக்குப் பின்னால் குனிந்து, கழன்ற பல்செட்டைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தேன். பதிவில் இரண்டு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு நான் “ம்ம்” என்கிறேன்.

சூப்பர்வைசர் ஹெட்போனைக் கழற்றினார். “அவர் கேட்டிருக்காரே” என்றார்.

நீங்கள் திரும்பக் கேட்டீர்கள். விதிப்படி என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தீர்கள். ஒன்னு ஏழு என்று பிரித்துக்கூடக் கேட்டீர்கள். விசாரணையில் அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதிவைப் போட்டிருப்பார்கள், அந்த நிமிடமே எல்லாம் தெரிந்திருக்கும். உங்களுக்கு மறந்துபோயிருக்காது. வண்டியின் ஒவ்வொரு கீறலுக்கும் தேதி சொல்கிறவர் நீங்கள். ஏன் அண்ணா சொல்லவில்லை? என் பல் ஆடுவது உங்களுக்கு முன்பே தெரியுமா? நான் வாயைத் திறந்து பேசப் பயப்படுவது ஒயர்லெஸ் வழியாகவே உங்களுக்குக் கேட்டதா? அத்தனை நல்ல காதை வைத்துக்கொண்டு, ஆறு மாதமாகச் செவிடன் வேஷம் போட்டு, அண்ணியையும் கூட்டிக்கொண்டு போய் டயருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்களே, யாருக்காக?

வீட்டுக்காரரிடம் அன்றே சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “கோணலா பதிச்ச ஓட்டை நோண்டித்தான் எடுக்கணும், மேல பூசி மறைச்சா நிக்காது” என்று மட்டும் சொன்னார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

நேற்று பதினாறாம் தெருவுக்குப் போனேன். ஆபீஸ் கடிதம் அனுப்பும், நீங்கள் போக வேண்டாம் என்றுதான் சூப்பர்வைசர் சொன்னார். என் வாயால் செய்தது, என் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று போனேன். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது. அந்த மனிதர் இதை எப்படி ஏறுவார் என்று ஒவ்வொரு படியிலும் நினைத்தேன். அந்த அம்மா வாசலில் நின்றபடியே முழுவதும் கேட்டார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். “அன்னிக்கு நான் ரெண்டாவது தடவ போன் பண்ணப்ப, ‘வந்துக்கிட்டே இருக்கு, பயப்படாதீங்க’ன்னு சொன்னது நீங்கதானா?”

நான்தான் என்றேன்.

உள்ளே போனார்கள். கதவைச் சாத்தவில்லை. ஆனால் திரும்பியும் வரவில்லை. உள்ளே ஒருவர் இருமும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

என்னை மைக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய பதிவேடுகளைத் தட்டச்சு செய்கிறேன். வரும் இருபதாம் தேதி மறு விசாரணை. வேலை போகலாம், இருக்கலாம். பயமாகத்தான் இருக்கிறது. காலையில் பல்செட்டை மாட்டும்போது வரும் அந்த டக் சத்தத்தில்கூட நெஞ்சு ஒரு தடவை அதிர்கிறது. ஆனால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த பயம் போய்விட்டது. இது வேறு பயம், இதோடு உட்கார்ந்து சாப்பிட முடிகிறது.

இருபதாம் தேதிக்கு உங்களுக்கும் அழைப்பு வரும். எனக்குத் தெரியும், நீங்கள் வந்து மறுபடியும் ஏதாவது பூசி மெழுகுவீர்கள். ‘ஒன்னு ஏழுன்னு கேட்ட மாதிரி நினைவு இல்லைங்க, தங்கச்சி மேல தப்பு இல்லை’ என்று ஆரம்பிப்பீர்கள். வேண்டாம் அண்ணா. கையெடுத்துக் கும்பிடுகிறேன். “நான் கேட்டேன், அவள் ‘ம்ம்’ என்றாள்” என்று ஒரே வரி சொல்லுங்கள். என் முகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். அந்தச் சாவி உங்கள் கைக்குத் திரும்பி வர வேண்டும்.

அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்கள் திட்டுவதை நான் முழுதாகக் கேட்க வேண்டும், ஒரு வார்த்தை குறையாமல். ரயில் காலை ஏழு பத்துக்கு வருகிறது. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் ஸ்டேஷனில் நிற்பேன்.

வாருங்கள் அண்ணா.

உங்கள் தங்கை